ஆயில் இறங்கும் வரை

முப்பத்தோரு வயதில் எனக்குச் சால்வை போர்த்தி வேலையிலிருந்து வழியனுப்பினார்கள். ரிட்டயர் ஆகிறவர்களுக்கு வாங்கும் அதே ஜரிகைச் சால்வை. வேண்டுமென்றேதான் அதை வாங்கியிருந்தார்கள். "மேடம், பென்ஷன் வந்ததும் எங்களை மறந்துடாதீங்க" என்று ஸ்பேர்ஸ் கவுன்டருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சால்வையை மடித்து பீரோவில் வைத்தபோதுதான், நாளைக் காலையில் எங்கும் ஓட வேண்டியதில்லை என்பது உறைத்தது. மகள் யாழினியைப் பள்ளியில் சேர்த்திருந்தோம். மதியமே திரும்பிவிடுவாள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. என் கணவர் திருமுடிவாக்கத்தில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் சூப்பர்வைசர்; விடியும்போது போனால் இருட்டித்தான் வருவார். வேலையை விடுவது நானாக எடுத்த முடிவு. சரியான முடிவுதானா என்று இப்போதும் அடிக்கடி கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் திவ்யா போன் செய்தாள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கிற பெண்.

"அக்கா, ஒரு கஸ்டமர் கத்திட்டுப் போறாரு. நேத்து ஆயில் ஃபுல்லா காட்டுச்சாம், இன்னைக்குப் பாதிதான் காட்டுதாம். நடுவுல யார்க்கா குடிச்சிருப்பாங்க? நாமதான் எடுத்துட்டோம்னு சொல்றாரு. என்ன பதில் சொல்றது?"

நான் அவளுக்கு ஒரே ஒரு கேள்வியைச் சொல்லிக்கொடுத்தேன். அதை அவரிடம் கேள் என்றேன்.

"அவ்ளோதானாக்கா?"

அவ்வளவுதான் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என் கைக்கு வந்த விதம் அவ்வளவு சின்னது இல்லை. யாழினி தூங்குகிற மதியங்களில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதிவைக்கிறேன்.

நான் படித்தது ஆட்டோமொபைல் டிப்ளமோ. வகுப்பில் மூன்று பெண்கள். மற்ற இருவரும் கம்ப்யூட்டர் படிக்கப் போனார்கள், நான் தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோடு ஓரமாக இருந்த ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். முதலில் சில மாதம் வண்டிக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் நின்று ஆயில் மாற்றினேன். பிறகு வெளியே வந்து சர்வீஸ் அட்வைசர் ஆனேன். கஸ்டமர் சொல்வதைக் கேட்டு மெக்கானிக்கிடம் சொல்வதும், மெக்கானிக் சொல்வதைக் கேட்டு கஸ்டமரிடம் சொல்வதும்தான் அந்த வேலை. இரண்டு பக்கமும் பயப்படுகிறவர்களுக்கு அது ஒத்துவராது என்பார்கள். நான் இரண்டு பக்கமும் பயந்தேன். எப்படியோ ஒத்துவந்தது.

எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் கரீம் சார். பல்லாவரத்துக்காரர். ஒல்லியாக இருப்பார், சட்டையின் மேல் பட்டன்வரை போட்டிருப்பார், குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அவர் கோபப்பட்டால் அதற்கு அடையாளம், இன்னும் மெதுவாகப் பேசுவார். கேட்பதற்கு நாம் குனிய வேண்டியிருக்கும். என்ன தப்பு நடந்தாலும் 'யார் செய்தது' என்று கேட்க மாட்டார். 'வண்டி எப்படி நின்னுது?' என்றுதான் கேட்பார். எதற்கெடுத்தாலும் அதையே கேட்பதால் பையன்கள் அவருக்கு முதுகுக்குப் பின்னால் அதையே பேராக வைத்திருந்தார்கள். "வண்டி எப்படி நின்னுது வந்துட்டாருடா" என்றால் எல்லோரும் செல்போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார்கள்.

அவர் ஆயில் அளவு பார்க்கும் விதத்தை எழுத வேண்டும். எஞ்சினுக்குள் சொருகியிருக்கும் ஒரு மெல்லிய இரும்புக் குச்சி, டிப்ஸ்டிக். அதன் நுனியில் இரண்டு கோடுகள். ஆயில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். இதைப் பார்க்க என்ன இருக்கிறது, யாரும் உருவிப் பார்த்துவிடலாம். கரீம் சார் அப்படி உருவ விடமாட்டார். வண்டியைச் சமதரையில் நிறுத்தச் சொல்வார். எஞ்சினைச் சூடேறும்வரை ஓடவிட்டு அணைக்கச் சொல்வார். பிறகு டீ சொல்வார். டீ வரும், ஆடை கட்டும், அவர் ஆடையை எடுத்துப் போட்டுவிட்டு மெதுவாகக் குடிப்பார். அதுவரை ஒருவரும் பானெட்டுக்குள் கை வைக்கக் கூடாது.

"இப்ப எஞ்சின் முழுக்க ஆயில் ஒட்டிக்கிட்டு இருக்கும்மா. மேல, சுவத்துல, சந்து பொந்துல எல்லாம். அது இறங்கி சம்புக்கு வரணும். அவசரப்பட்டுக் குச்சியை எடுத்தா கம்மியாத்தான் காட்டும். ஆயில் குறையலை. இன்னும் வீடு வந்து சேரலை, அவ்வளவுதான்."

நம் வீடுகளில் தண்ணீருக்குத் தரைக்கடியில் சம்ப் இருப்பதுபோல எஞ்சினுக்கு அடியிலும் ஒரு சம்ப் உண்டு. மேலே சுற்றிவிட்டு வரும் ஆயில் அங்கேதான் வந்து தங்கும்.

டீ முடிந்ததும் பழைய பனியன் துணியால் குச்சியைத் துடைப்பார். கடைசிவரை அழுத்திச் சொருகுவார். பாதியில் நின்றாலும் கணக்கு தப்பும். எடுத்ததும் நிமிர்த்திப் பிடிக்க மாட்டார், நிமிர்த்தினால் ஆயில் வழிந்துவிடும். படுக்கவைத்தாற்போல் பிடித்து முன்பக்கமும் பின்பக்கமும் பார்ப்பார். இரண்டில் எது கம்மியோ அதுதான் அவருக்குக் கணக்கு. பிறகு மறுபடி துடைத்து, மறுபடி சொருகி, மறுபடி பார்ப்பார்.

அந்தக் காத்திருப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. யாழினி பிறந்து நான் வேலைக்குத் திரும்பிய வருடம் அது. இரவெல்லாம் அவள் மூச்சு விடுகிறாளா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துப் பார்த்து, பகலில் பாதித் தூக்கத்தில்தான் நடமாடினேன். ஷெட்டின் கூரையில் நடுநடுவே பச்சை பிளாஸ்டிக் தகடு போட்டிருப்பார்கள். அதன் வழியாக விழுகிற வெயில் தரையில் குளம்போலக் கிடக்கும். அணைத்த எஞ்சின் ஆறும்போது டிக், டிக் என்று சத்தம் வரும். மேலே விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்று வட்டமடித்துக்கொண்டே இருக்கும். தூரத்தில் எலக்ட்ரிக் ட்ரெயின் சானடோரியம் பக்கம் போகும். நான் நின்றபடியே, இருட்டுக்குள் ஆயில் சொட்டுச் சொட்டாக இறங்கி வருவதை நினைத்துக்கொண்டிருப்பேன். அவசரமே இல்லாமல், வழி தெரிந்த மாதிரி.

அந்த நாட்களில்தான் கேளம்பாக்கத்திலிருந்து சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர் வந்து சண்டை போட்டார். எங்களிடம் ஆயில் மாற்றிய மறுநாள் அளவு குறைந்துவிட்டதாம். "புது ஆயில் சார், ஒரு நாள்கூட ஆகலை! எங்க போச்சு?" கரீம் சார் அவருக்கும் டீ சொன்னார். புது ஆயில் ஊற்றியதும் எங்கள் பையன் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலே அளவு பார்த்து அனுப்பியிருந்தான். புதிதாகப் போட்ட ஃபில்டர் காலியாக இருந்திருக்கிறது. வண்டி ஓடியதும் அது தன் பங்கைக் குடித்துவிட்டது. இதை விளங்கச் சொன்னதும் அவர் கொஞ்சம் வெட்கப்பட்டு, "இதை நேத்தே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். "நேத்து நீங்க டீ குடிக்காம போயிட்டீங்களே" என்றார் கரீம் சார். வந்தவர் சிரித்துக்கொண்டே போனார். எல்லாக் கேஸும் இப்படி முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

எஸ்தர் டீச்சர் கேஸ் அப்படி முடியவில்லை.

எஸ்தர் டீச்சர் மாடம்பாக்கத்தில் கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் இருந்தார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்தபின் தனியாகத்தான் இருந்தார். ஒரு சின்ன வெள்ளைக் கார். அவர் கணவர் தினமும் காலையில் பேப்பர் படித்ததும் பானெட்டைத் திறந்து ஆயில் பார்ப்பாராம். அவர் போனபிறகு அந்தப் பழக்கத்தை டீச்சர் எடுத்துக்கொண்டார். காரை ஓட்டுவது கோதண்டம் என்ற டிரைவர். ஐம்பது வயது இருக்கும், பெருங்களத்தூரிலிருந்து சைக்கிளில் வருவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருக்கு லீவு. அன்று டீச்சரே சர்ச்சுக்கு ஓட்டிக்கொண்டு போவார்.

முதல் தடவை போன் வந்தபோது ஆயில் குறைகிறது என்றார். வண்டி வந்தது, கரீம் சாரின் முறைப்படி பார்த்தோம், அளவு சரியாக இருந்தது. இரண்டாவது முறை அரை லிட்டர் ஊற்றித்தான் ஆக வேண்டும் என்று டீச்சர் பிடிவாதமாகச் சொல்லியனுப்பினார். பார்த்தால் அப்போதும் சரியாக இருந்தது. ஊற்றினால் அதிகமாகிவிடும். ஆயில் அதிகமானாலும் கெடுதல்தான், எஞ்சின் அதை மோர் கடைகிற மாதிரி கடைந்து நுரையாக்கிவிடும். ஊற்றாமலே திருப்பி அனுப்பினோம். மூன்றாவது முறை டீச்சர் ஆட்டோ பிடித்து நேரில் வந்தார். தான் வெளியூர் போவதாகப் பொய் சொல்லி, கோதண்டத்தை வேண்டுமென்றே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

"ஹேமா, கதவைச் சாத்து" என்றார். எங்கள் கேபினுக்குக் கதவே கிடையாது. நான் நாற்காலியை நகர்த்திப் போட்டேன்.

"திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் காலையில பார்த்தா கீழ்க்கோட்டுக்கு இறங்கிடுது. ஞாயித்துக்கிழமை காலையில பார்த்தா மேல்கோட்டுக்கும் மேல நிக்குது. ஒரு வாரம் இல்ல, எல்லா வாரமும். நான் என்ன நினைக்கணும், சொல்லு?"

நான் அவர் காரின் பழைய பில்களைப் புரட்டினேன்.

"வாரமெல்லாம் எடுக்கறான். ஞாயித்துக்கிழமை வண்டி என் கையில இருக்குமேன்னு சனிக்கிழமை ராத்திரி ஊத்தி வெச்சிடறான். உங்ககிட்ட எடுத்துட்டு வர்றதும் அவன்தானே? வழியில ஊத்திட்டு வர்றான். அதான் உங்களுக்கு எப்பவும் சரியா காட்டுது."

யோசித்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் போனாலும் அந்தக் கணக்கில் ஓட்டை இல்லை.

"அவன்கிட்ட இன்னும் கேட்கலை. எங்க வீட்டுக்காரர் சவப்பெட்டியைத் தூக்கினவன்மா அவன். சும்மா கேட்டுட முடியாது. நீ வீட்டுக்கு வந்து ஒரு காலையில உன் கண்ணால பாரு. பார்த்துட்டு, ஆமா டீச்சர் குறையுதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. ஒண்ணாம் தேதியோட நிறுத்திடறேன்."

அவர் போனபிறகு கரீம் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் குனிந்து எதையோ துடைத்துக்கொண்டே கேட்டார். "எடுத்ததை விட அதிகமா திருப்பி ஊத்தற திருடனை நான் பார்த்ததில்லைம்மா" என்றார். பிறகு, "போய்ப் பார்த்துட்டு வா" என்றார்.

புதன்கிழமை காலையில் போனேன். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோ. டீச்சர் முகம் கழுவி, வெள்ளைப் புடவையில் தயாராக நின்றார். போர்டிகோவில் கார் வீட்டைப் பார்த்தபடி நின்றது. இரவெல்லாம் நின்ற வண்டி. ஆயில் முழுக்க இறங்கியிருக்கும். துடைத்தேன், சொருகினேன், எடுத்தேன். இரண்டு பக்கமும் பார்த்தேன். கீழ்க்கோட்டுக்கு ஒட்டினாற்போல் நின்றது. மறுபடி பார்த்தேன். அதேதான்.

"சொல்லு" என்றார் டீச்சர்.

அந்த நேரம் பார்த்து கேட்டுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்டது. கோதண்டம் உள்ளே வந்தார். "இன்னா மேடம், காலங்காத்தால வூடு தேடி வந்துகினீங்க? வண்டி எதுனா பேஜார் பண்ணுதா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் கையில் எனக்குத் தெரியாத கோயில் ஒன்றின் கறுப்புக் கயிறு கட்டியிருந்தது. அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டே, "சும்மாதான், சர்வீஸ் செக்கிங்" என்றேன். டீச்சரிடம், "சனிக்கிழமை சொல்றேன் டீச்சர், மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு" என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. கண்ணால் பார்த்ததைச் சொல்ல மேனேஜர் எதற்கு என்று அது கேட்டது. எனக்கும் தெரியவில்லை.

ஒர்க்‌ஷாப்புக்கு வந்ததும் கரீம் சார் கேட்டார்.

"குறையுது சார். என் கண்ணால பார்த்தேன்."

"வண்டி எப்படி நின்னுது?"

"வீட்லதான் சார் நின்னுது. போர்டிகோவுல."

"போர்டிகோவுல எப்படி?"

வண்டியைப் பார்த்தேன், ஆனால் மனசில் குச்சியும் கோடும்தான் இருந்தன. அவர் இன்னும் மெதுவாக, "அவரு வேலை போயிடும்மா. நீ சொல்ற ஒரு வார்த்தையில போயிடும். அதனால கேட்கறேன்" என்றார். அன்று முழுக்க என் கண்ணில் அந்தக் கறுப்புக் கயிறு ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் யாழினிக்குக் காய்ச்சல். அரை நாள் லீவு போட்டுவிட்டு அவள் பக்கத்தில் படுத்திருந்தேன். தெர்மாமீட்டரை வைத்தேன், எடுத்தேன், நம்பாமல் இன்னொரு முறை வைத்தேன். கொஞ்சம் வேறு மாதிரி காட்டியது. அக்குளில் சரியாக வைக்கவில்லையோ, போர்வைக்குள்ளேயே இருந்ததாலோ என்று நினைத்துக்கொண்டே கண் சொருகியது. ஜன்னலுக்கு வெளியே மழை வருவதுபோல் வெளிச்சம் மங்கி, அறை முழுக்கத் தண்ணீருக்கடியில் இருக்கும் நிறமாக மாறியிருந்தது. யாழினி பால் புட்டியைப் பிடித்தபடியே தூங்கிப்போயிருந்தாள். பாதிப் பால் மிச்சம். புட்டி அவள் நெஞ்சின் மேல் சாய்ந்து கிடந்தது. அவள் மூச்சு விட விட அதுவும் ஏறி இறங்கியது.

புட்டியில் அளவுக் கோடுகள் போட்டிருக்கும் அல்லவா? நான் அரைக்கண்ணால் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாய்ந்த புட்டியில் பால் ஒரு பக்கம் மேலே ஏறியிருந்தது, மறுபக்கம் கீழே இறங்கியிருந்தது. இந்தப் பக்கம் பார்த்தால் நிறைய குடிக்காமல் விட்டிருக்கிறாள். அந்தப் பக்கம் பார்த்தால் கிட்டத்தட்டக் குடித்துமுடித்துவிட்டாள். எது சரி என்று கவலைப்பட்டேன், தூக்கத்திலேயே. இரண்டும் ஒரே பால்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது, எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, ஒரு செங்கல் என் கண்முன் வந்து நின்றது.

சிவப்பு நிறம், ஒரு மூலை உடைந்தது. வெள்ளைக் காரின் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்த செங்கல்.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். சமதரையில் நிற்கிற வண்டிக்கு யாராவது செங்கல் வைப்பார்களா? அந்த போர்டிகோ சரிவு! முந்தைய வருடம் பெய்த பெருமழையில் அந்தத் தெரு முழுக்க வீடுகளுக்குள் ஏரித் தண்ணீர் வந்தது. அதன் பிறகு ஒவ்வொருவராகத் தரையை உயர்த்திக் கட்டினார்கள். மழைத் தண்ணீர் உள்ளே தங்காமல் தெருவுக்கு ஓடட்டும் என்று, வாசற்படியிலிருந்து கேட் வரைக்கும் சாய்த்தே தளம் போட்டார்கள். டீச்சர் வீட்டிலும் அப்படித்தான். தினமும் நடக்கிறவர்களுக்குத் தெரியாத சாய்வு, நான் அதன்மேல் ஏறித்தான் போனேன், எனக்கும் தெரியவில்லை. வீட்டைப் பார்த்து நின்றால் காரின் மூக்கு மேலே தூக்கியிருக்கும். ஆயில் எல்லாம் பின்பக்கம் ஒதுங்கிவிடும். அந்த வண்டியில் குச்சி இருப்பது முன்பக்கம். குறையத்தான் காட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஏன் கூடுகிறது? அதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. சனிக்கிழமை இரவு யாரோ காரைத் திருப்பி நிறுத்துகிறார்கள்.

உடனே சந்தேகமும் வந்தது. ஒருவேளை சாய்வும் இருந்து, அவர் ஆயிலும் எடுத்துக்கொண்டிருந்தால்? என் மனசு எப்போதும் இப்படித்தான். யாழினியின் நெற்றியைத் தொட்டேன், ஈரமாக இருந்தது. காய்ச்சல் விட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை கரீம் சாரிடம் சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில், "நீ போய்ச் சொல்லாதே, டீச்சர் நம்ப மாட்டாங்க. அவங்க கையால அவங்களே பார்க்கட்டும்" என்றார். "ஆயில் இறங்கற வரைக்கும் பேசவும் வேண்டாம்."

சனிக்கிழமை சாயங்காலம். வேலை முடித்து, பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து யாழினியை வாங்கிக்கொண்டு, அவளை இடுப்பில் வைத்தபடியே மாடம்பாக்கம் போனேன். டீச்சர் என்னைப் பார்த்ததும் "மேனேஜர் என்ன சொன்னார்?" என்றார். குழந்தையைப் பார்த்ததும் குரல் கொஞ்சம் இறங்கியது. கோதண்டம் ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கார் வீட்டைப் பார்த்தபடி நின்றது. பின்சக்கரத்தில் செங்கல்.

"டீச்சர், ஒரு தடவை நீங்களே பாருங்க" என்றேன்.

மதியத்திலிருந்து நின்ற வண்டி. டீச்சர் பழக்கப்பட்ட கையால் துடைத்தார், சொருகினார், எடுத்தார். கீழ்க்கோடு. என்னைப் பார்த்தார்.

"அண்ணா, வண்டியைக் கொஞ்சம் திருப்பி நிறுத்துங்க" என்றேன்.

"இப்பவேவா? நானே கிளம்பறப்போ திருப்பலாம்னு இருந்தேன்" என்றார் கோதண்டம். செங்கல்லைக் காலால் நகர்த்திவிட்டு, பின்னால் இறக்கி, தெருவில் ஒரு வளைப்பு வளைத்து, பின்பக்கமாகவே ஏற்றி நிறுத்தினார். இறங்கி அதே செங்கல்லை எடுத்து முன்சக்கரத்துக்கு வைத்தார். இதெல்லாம் அவருக்குச் சட்டை மாற்றுவதுபோல் இருந்தது.

"ஆயில் இறங்கட்டும் டீச்சர்" என்றேன்.

நாங்கள் படியில் உட்கார்ந்தோம். மாடம்பாக்கம் கோயில் பக்கமிருந்து மணிச் சத்தம் வந்தது. கொய்யா மரத்தில் அணில் ஒன்று கத்திக் கத்தி ஓய்ந்தது. யாழினி என் மடியிலிருந்து இறங்கித் தத்தித் தத்தி நடந்து, சரிவில் கால் தானாக வேகமெடுக்க, கேட்டுவரைக்கும் ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தாள். டீச்சர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தரையைப் பார்த்தார். படியிலிருந்து கேட்வரைக்கும் மெதுவாகப் பார்த்தார். கணக்கு டீச்சர் அல்லவா. நான் வாயைத் திறக்கவில்லை. சாயங்கால வெயில் காரின் பானெட்டிலிருந்து மெல்ல மெல்ல வழிந்து இறங்கியது.

அவரே எழுந்தார். பானெட்டைத் திறந்தார். துடைத்தார், சொருகினார், எடுத்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். மேல்கோட்டைத் தாண்டி நின்றது. யாரும் ஒரு சொட்டு ஊற்றவில்லை. கோதண்டம் கேட்டருகே யாழினிக்குச் சைக்கிள் மணியை அடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

டீச்சர் குச்சியைக் கையில் பிடித்தபடியே நின்றார். ஆயில் வழிந்து வெள்ளைப் புடவையில் ஒரு சொட்டு விழுந்தது. அவர் கவனிக்கவில்லை.

"கோதண்டம்."

"மேடம்?"

"சனிக்கிழமையானா வண்டியை ஏன் திருப்பி வெக்கறே? கழுவறதுக்காகத்தானே?"

"கழுவறதுக்கு எதுக்கு மேடம் திருப்பணும்? நாளைக்கு நீங்கதானே எடுக்கணும். இந்தச் சரிவுல ரிவர்ஸ்ல இறங்கறது கஷ்டம் மேடம். தளம் போட்ட புதுசுல ஒரு ஞாயித்துக்கிழமை கேட்டுல இடிச்சுட்டீங்கல்ல? அதான் மூக்கு வெளியே இருக்கற மாதிரி வெச்சுட்டா, நீங்க நேரா போயிடலாம்." கொஞ்சம் தயங்கி, "ஏன் மேடம், தப்பா?" என்றார்.

"தப்பில்லை."

அவர் குச்சியைத் துடைத்துத் திரும்பச் சொருகினார். அதற்கு நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு பானெட்டை மூடிவிட்டு, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி சொன்னார்:

"கோதண்டம், ஒண்ணாம் தேதியிலேர்ந்து..."

இத்தனைக்குப் பிறகும் இந்த அம்மா அந்த வாக்கியத்தை முடிக்கப்போகிறாரோ என்று பயந்துவிட்டேன்.

"ஒண்ணாம் தேதியிலேர்ந்து தினம் சாயங்காலம் நீ எனக்கு ரிவர்ஸ் எடுக்கக் கத்துக்குடு."

"அய்யே, எதுக்கு மேடம்? நான்தான் திருப்பி வெக்கறேனே" என்றார் கோதண்டம். பிறகு என்னைப் பார்த்து, "அந்த கேட்டுதான் பாவம் மேடம்" என்று மெதுவாகச் சொன்னார். அது டீச்சர் காதில் விழுந்துவிட்டது. சிரித்தார். சிரித்துக்கொண்டே உள்ளே போனவர் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது கையில் குழந்தைக்கு பிஸ்கட்டும், கண்ணாடிக்குக் கீழே முகம் கழுவிய ஈரமும் இருந்தன. என்னிடம், "உன் மேனேஜருக்கு நான் நன்றி சொன்னேன்னு சொல்லு" என்றார்.

திங்கட்கிழமை கரீம் சாரிடம் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். "டீச்சர் ரிவர்ஸ் கத்துக்கிட்டா ஞாயித்துக்கிழமையும் கம்மியாத்தான் காட்டும், மறக்காம சொல்லிடு" என்றார். அவ்வளவுதான் அவர் பாராட்டு.

கோதண்டத்திடம் சொல்லியிருக்க வேண்டுமா என்று எனக்குப் பல நாள் யோசனை. அவரைப் பற்றி நினைக்கப்பட்டது அவருக்குத் தெரிய வேண்டாமா? தெரிந்தால் யாருக்கு என்ன நல்லது? இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஒரு முடிவுக்கும் வராமல் விட்டுவிட்டேன்.

எனக்குச் சால்வை போர்த்திய அன்று அவர் டீச்சரின் காரை சர்வீஸுக்குக் கொண்டுவந்திருந்தார். கேக் வெட்டும்போது ஓரமாக நின்று கை தட்டினார். எல்லோரும் கலைந்தபின் காகிதத் தட்டோடு என்னிடம் வந்தார்.

"மேடம், ரொம்ப நாளா கேக்கணும்னு. அன்னிக்கு டீச்சர் வூட்ல வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொன்னீங்களே. அது இன்னாத்துக்கு?"

"ஆயில் பார்க்கத்தான் அண்ணா."

"கரெக்டாதானே இருந்துச்சு?"

"கரெக்டாதான் இருந்துச்சு" என்றேன்.

"அப்போ சரி" என்று கேக்கைச் சாப்பிட ஆரம்பித்தார்.